231-இல் நின்ற கோடு

இளவரசி பழுது பார்க்கும் கம்ப்யூட்டருக்குத் திரை கிடையாது, கீபோர்டும் கிடையாது. காரில் டேஷ்போர்டுக்கு அடியில், கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சாப்பாட்டு டப்பா அளவில் ஓர் அலுமினியப் பெட்டி இருக்கும். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது, அதற்கு எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எந்தக் கணத்தில் தீப்பொறி கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. இரண்டாயிரத்தை ஒட்டி வந்த பெட்ரோல் கார்களில் எல்லாம் இந்தப் பெட்டி வந்துவிட்டது. அதுவரை கார்புரேட்டரைக் கழற்றி ஊதிச் சரிசெய்துகொண்டிருந்த காஞ்சிபுரத்து மெக்கானிக்குகள் அதைத் தொடவே பயந்தார்கள். தொட்டவள் இவள் ஒருத்திதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு இவளைப் பற்றி அச்சில் வந்த வாக்கியத்தைப் படிக்கும்போது நீங்களும் என்னைப் போலக் கொதிக்க வேண்டும் என்பதற்காக.

என் பெயர் வத்ஸலா. வீடு சின்ன காஞ்சிபுரம். அப்பா, பெரியப்பா, அத்தை எல்லோரும் வாத்தியார் வேலை பார்த்தவர்கள். நானும் அதே வழியில் போய், படித்த பாலிடெக்னிக்கிலேயே லேப் இன்ஸ்ட்ரக்டர் ஆனேன். அங்கே எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ வகுப்பில் 1991-இல் இளவரசியும் நானும் ஒரே பெஞ்ச். நாற்பத்திரண்டு பேரில் பெண்கள் நாங்கள் இருவர்தான். அவள் பிள்ளையார்பாளையம். வீட்டில் மூன்று தறி. காலையில் பாவு சுற்றிக் கொடுத்துவிட்டு, அதே பாவாடை தாவணியோடு முதல் மணி அடிப்பதற்குள் ஓடி வருவாள். வந்து உட்கார்ந்தால் சர்க்யூட் போர்டில் எங்கே தப்பு என்று வாத்தியாருக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவாள்.

டிப்ளமோ முடிந்ததும் காந்தி ரோட்டில் ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் சேர்ந்தாள். ஆறு வருஷம். நடுவில் கல்யாணம். கணவர் உமாபதி பட்டுக்குச் சாயம் தோய்ப்பவர். எப்போது பார்த்தாலும் முழங்கை வரை அரக்கோ பச்சையோ ஏறியிருக்கும். பேச்சு குறைவு. அவள் வேலைக்குப் போவதைப் பற்றி யாராவது அவரிடம் இழுத்தால், "அவ வேல அவளுக்கு, எனக்கின்னா?" என்று எழுந்து போய்விடுவார்.

இரண்டாயிரத்தில் ஐப்பசி மழை கொட்டியபோது ஒரு டாக்டரின் காருக்குள் தண்ணீர் புகுந்தது. பெட்டி போய்விட்டது, புதிது வர இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். யாரோ சொல்லி, டாக்டர் அந்தப் பெட்டியை டி.வி. கடைக்குக் கொண்டுவந்தார். இளவரசி அதைத் திறந்து, கழுவி, உலர்த்தி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, மயிரிழை விரிசல் விட்டிருந்த ஒரு பற்றவைப்பைக் கண்டுபிடித்துத் திரும்பப் பற்றவைத்தாள். மறுநாள் கார் கிளம்பியது. அதோடு ஊரில் எந்தக் காரின் பெட்டி மக்கர் செய்தாலும் அந்தக் கடைக்கே வர ஆரம்பித்தது.

இது கலியாணசுந்தரத்தின் காதுக்கு எட்டியது. செவிலிமேடு போகும் சாலையில் பெரிய ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். வண்டிகளை வேகமாக ஓடும்படி மாற்றிக்கொடுப்பதில் பெயர் வாங்கியவர். கை வேலையில் கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. எஞ்சினைக் காதால் கேட்டே என்ன குறை என்று சொல்வார். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் சிப்பு அவருக்குப் புரியவில்லை. இளவரசியைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்.

நான்கு வருஷம் அங்கே இருந்தாள். சிப்பிலிருக்கும் எண்களைப் படிப்பது, மாற்றுவது, புது சிப்பில் எழுதுவது எல்லாம் இணையத்திலும் பழைய புத்தகங்களிலும் தேடித் தானே கற்றுக்கொண்டாள். ஒர்க்‌ஷாப் வாசலில் போர்டு வைத்தார்கள்: "கம்ப்யூட்டர் டியூனிங் நிபுணர் கலியாணசுந்தரம்." வாடிக்கையாளர்கள் வந்தால், "உள்ள நம்ம பொண்ணு ஒண்ணு சோல்டரிங் பண்ணும்" என்று சொல்லி அனுப்புவார். பதினேழு ஆண்கள் வேலை பார்த்த இடத்தில் பெண்ணுக்குக் கழிப்பறை கட்டவில்லை. நான்கு வருஷமும் எதிரே மாவு மில் வைத்திருந்த ஜெயம்மாள் வீட்டுக்குத்தான் போய் வந்தாள். நான் கேட்டால், "வேல புடிச்சிருக்குதுடி, உட்டுடு" என்பாள். எனக்குத்தான் பொறுக்காது.

2004-இல் ஸ்ரீவர்தனின் கார் வந்தது. அவனும் எங்கள் பக்கம்தான், சன்னிதித் தெரு. சென்னையில் ஸாஃப்ட்வேர் வேலை, வயது இருபத்தாறு. வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் கொண்டுவந்த ஜப்பான் காரை வாங்கியிருந்தான். இரண்டு லிட்டர் எஞ்சின், டர்போ உள்ளது. அதாவது வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு விசிறி சுழன்று, கூடுதல் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட்டலாம், பலமும் கூடும். கம்பெனி கொடுத்த பலம் இருநூற்றிருபது குதிரைசக்தி. அவனுக்கு நானூறு வேண்டும். கலியாணசுந்தரம் பெரிய டர்போ ஒன்றை வரவழைத்து மாட்டினார். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று இளவரசியிடம் தள்ளிவிட்டார்.

இளவரசி சிப்பைப் படித்துப் பார்த்துவிட்டு அவரிடம் போனாள். அன்று நடந்த பேச்சை அவள் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை சொல்லியிருக்கிறாள்.

"ண்ணா, காத்து போற கொழாயில ஒரு சென்சார் இருக்குதுல்ல, அதுக்கு ஒரு அளவுக்கு மேல காத்த அளக்க தெரியாது. கம்ப்யூட்டருக்குள்ள அது ஒரு எண்ணா வருது. சைபர்லருந்து இருநூத்தி அம்பத்தஞ்சு வரைக்கும்தான் எண்ணு. அதுக்கு மேல எவ்ளோ காத்து போனாலும் இருநூத்தி அம்பத்தஞ்சுன்னே சொல்லிக்கினு இருக்கும்."

"சொல்லட்டுமே. அதனால இன்னா?"

"அத நம்பி கம்ப்யூட்டர் அவ்ளோ காத்துக்கு மட்டும்தான் பெட்ரோல் உடும். காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. உள்ள சூடு ஏறி பிஸ்டன் உருகிடும்ண்ணா."

அந்தக் காரைச் செய்தவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் எண் 240-ஐத் தாண்டினால் பெட்ரோலை அப்படியே நிறுத்திவிடும்படி சிப்பிலேயே எழுதி வைத்திருந்தார்கள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி வேகம் விடும். எஞ்சின் பிழைத்துக்கொள்ளும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சென்சார் இருக்கும் குழாயை அகலமாக்க வேண்டும். அப்போது அதே அளவு காற்று பரவலாகப் போவதால் சென்சார் சிறிய எண்ணைக் காட்டும், மேலே இடம் கிடைக்கும். பெட்ரோல் தெளிப்பான்களையும் பெரிதாகப் போட வேண்டும். அதன்பிறகு சிப்பிலிருக்கும் அட்டவணை முழுவதையும் புதிய குழாய்க்குத் தகுந்தபடி திருத்தி எழுத வேண்டும். மூன்று வாரம் கேட்டாள் இளவரசி.

கலியாணசுந்தரம் சிரித்தார். பாலாறு மோட்டார் சங்கம் என்று ஒன்று உண்டு. வேகக் கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்துவது. அவர்களுடைய கால் மைல் ஓட்டப் போட்டிக்குப் பத்து நாள்தான் இருந்தது. அதில் இந்தக் காரை ஓட்டிக் காட்டியாக வேண்டும் என்றார்.

அவள் பத்து நாளில் ஆகக்கூடியதைச் செய்தாள். டர்போவின் அழுத்தத்தைக் குறைத்து வைத்து, எண் 240-க்குள் நிற்கும்படி சிப்பு எழுதினாள். தவறி மேலே போனால் காப்பாற்ற அந்த நிறுத்தத்தை அப்படியே விட்டாள். வேலைச் சீட்டில் தன் கையாலேயே எழுதினாள்: "அழுத்தம் ஏற்றக் கூடாது. 240 நிறுத்தத்தை எடுக்கக் கூடாது." கூடவே, தான் செய்த ஒரு சின்னப் பதிவுப் பெட்டியை டிரைவர் சீட்டுக்கு அடியில் பொருத்தினாள். கம்ப்யூட்டருக்கு வரும் காற்றின் எண்ணையும் எஞ்சின் சுற்றையும் நொடிக்குப் பத்து முறை அது எழுதி வைத்துக்கொள்ளும். எந்த வண்டியைக் கொடுத்தாலும் முதல் வாரம் அதை உள்ளே வைத்து அனுப்புவது அவள் வழக்கம்.

போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, பைபாஸில் ஓட்டிப் பார்த்தார்கள். கலியாணசுந்தரம் அவள் சொன்னதைக் கேளாமல் அழுத்தத்தை ஏற்றியிருந்தார். உச்சியில் வண்டி குலுக்கி நின்றது. இறங்கி வந்து கத்தினார்.

"வண்டி முக்குதும்மா! அந்த பெட்ரோல் கட்ட எடுத்து தொலை."

"முக்கல ண்ணா. தன்ன காப்பாத்திக்கினு இருக்குது. அழுத்தத்த எறக்குங்க."

"எடுப்பியா மாட்டியா?"

"மாட்டேன். மூணு வாரம் குடுங்க, நீங்க கேக்கற பலம் தரேன். இத மட்டும் எடுக்க மாட்டேன்."

அவர் விருட்டென்று திரும்பிப் போய்விட்டார். மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போட்டிக்குப் போனாள். இன்னும் திறக்காத ஒரு தொழிற்பேட்டைச் சாலையில் ஏற்பாடு செய்திருந்தார்கள். நேர்கோடாக ஓடும் புதுத் தார். இருபக்கமும் கயிறு கட்டி ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். எட்டு மணிக்கே வெயில் ஏறியிருந்தது. முந்நூறு பேர் இருப்பார்கள். பெண்கள் என்று பார்த்தால் நாங்கள் இருவர், மோர் விற்ற ஒரு அம்மாள்.

ஸ்ரீவர்தனின் முதல் ஓட்டம். கார் சீறிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. எல்லோரும் விசில் அடித்தார்கள். எனக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் இளவரசியின் முகம் வெளுத்திருந்தது.

"குலுக்கல, வத்ஸலா."

"என்னடி?"

"மேல போயிருக்குது, குலுக்கல. அவ்ளோ சத்தத்துக்கு கட் ஆவணும். ஏன் ஆவல? இன்னாமோ பண்ணிட்டாங்க."

சொல்லிக்கொண்டே புறப்படும் இடத்தை நோக்கி ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அதற்குள் இரண்டாம் ஓட்டத்துக்கு வண்டியைக் கொண்டு வந்து நிறுத்திவிட்டார்கள். கயிற்றருகே மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

"லேடீஸ் எல்லாம் அந்தப் பக்கம்மா. பந்தல்ல ஒக்காருங்க."

"சார், அந்த வண்டிக்கு சிப்பு போட்டது நான்தான். அத ஓட்டக் கூடாது. நிறுத்துங்க சார்!"

"சரிம்மா சரிம்மா, பந்தலுக்குப் போங்க."

இருபதடி தூரத்தில் கலியாணசுந்தரம் நின்றிருந்தார். "ண்ணா! நிறுத்துங்கண்ணா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன். ஈ விரட்டுவது போலக் கையை ஆட்டிவிட்டு, கொடி காட்டுபவருக்குத் தலையசைத்தார்.

கார் கிளம்பியது. முக்கால்வாசி தூரம் போயிருக்கும். டமார் என்று ஒரு சத்தம். பின்னால் வெள்ளைப் புகை மதில் போல எழுந்தது. கார் ஆடி ஆடி ஓரத்தில் நின்றது. ஸ்ரீவர்தன் இறங்கி, என்ன ஆயிற்று என்று பார்க்கப் பானெட்டைத் திறந்தான். தீ முகத்துக்கு நேராக எழும்பியது. உருகி ஓட்டையான பிஸ்டன் வழியாக அழுத்தம் கீழே இறங்கி, எண்ணெயை வெளியே தள்ளி, அது பழுக்கச் சிவந்திருந்த டர்போ மேல் பட்டுப் பற்றிக்கொண்டிருக்கிறது. இடது கையால் முகத்தை மறைத்துக்கொண்டதால் முகம் தப்பியது. கை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோயிற்று.

அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிய கையோடு, முந்நூறு பேர் முன்னால், கலியாணசுந்தரம் இளவரசியைப் பார்த்து விரலை நீட்டினார். "சிப்புல தப்பு. பொம்பளப்புள்ளன்னு நம்பிக் குடுத்தேன், என் தப்புதான்." அவள் பேச வாயெடுப்பதற்குள் நாலு பேர் அவரைத் தேற்றி அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனபோது அவள் அறை பூட்டியிருந்தது. வேலைச் சீட்டைக் கேட்டாள். அப்படி ஒரு சீட்டே இல்லை என்றார்கள்.

அடுத்த வாரம் சங்கத்தின் செய்தி மடல் வந்தது. "அனுபவமில்லாத ஒரு பெண் ஊழியர் செய்த கம்ப்யூட்டர் பிழையால் எஞ்சின் சேதமடைந்து, உறுப்பினர் ஒருவர் காயமடைந்தார்." அனுபவமில்லாத! ஆறு வருஷம் டி.வி. கடை, நான்கு வருஷம் இவருடைய ஒர்க்‌ஷாப். இந்தப் பத்து வருஷமும் எங்கே போயிற்று? நான் அந்தக் காகிதத்தைக் கசக்கி எறிந்தேன். இளவரசி அதை எடுத்து நீவி மடித்து வைத்துக்கொண்டாள்.

"தூக்கிப் போடாதடி. வேணும்."

அன்று மாலை இருவரும் ஸ்ரீவர்தன் வீட்டுக்குப் போனோம். கையில் கட்டோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் அவன் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அவன் மட்டும், "உக்காருங்கோ" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்கோ. உங்க சிப்புதான் காரணம்னு எல்லாரும் சொல்றா."

"நான்தான்னா நானே சொல்லிட்டுப் போறேன் தம்பி. வண்டிக்குள்ள அஞ்சு நிமிஷம் பாக்க உடுங்க. பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

கார் அவர்கள் வீட்டுப் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. சீட்டுக்கு அடியில் பதிவுப் பெட்டி அப்படியே இருந்தது. என் லேப்பிலிருந்து நான் எடுத்துப்போன மடிக்கணினியில் அதை மாட்டினாள். சனிக்கிழமை காலைப் பதிவில் காற்றின் எண் சரசரவென்று ஏறி 240-ஐத் தொட்டதும் பெட்ரோல் நின்று கீழே விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பதிவைத் திறந்தாள். எண் ஏறியது. 210, 220, 231. அங்கேயே நின்றுவிட்டது. எஞ்சின் சுற்று ஐயாயிரத்திலிருந்து ஏழாயிரத்துக்குப் போகிறது, காற்று மட்டும் 231, 231, 231. ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு.

ஸ்ரீவர்தன் குனிந்து பார்த்தான். அவன் வேலையே எண்களோடுதான். "ஸென்ஸார் மேக்ஸிமம் போயிடுத்தா?"

"சென்சார் முடிஞ்சிருந்தா கோடு இருநூத்தி அம்பத்தஞ்சுல நிக்கும். என் கட் வேல செஞ்சிருந்தா இருநூத்தி நாப்பதுல விழும். இருநூத்தி முப்பத்தொண்ணுல நிக்கறதுக்கு இந்த வண்டில காரணமே இல்ல தம்பி. யாரோ நடுவுல பூந்து, அதுக்கு மேல சொல்லாதன்னு அந்த ஒயருக்கு சொல்லியிருக்காங்க."

டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டாள். சென்சாரிலிருந்து வரும் ஒயரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புக் கட்டி ஒட்டியிருந்தது. சென்சார் அனுப்பும் வோல்டேஜ் ஓர் அளவைத் தாண்டாமல் பிடித்து நிறுத்தும் சாமான். எவ்வளவு காற்று வந்தாலும் கம்ப்யூட்டர் 240-ஐப் பார்க்கவே பார்க்காது, பெட்ரோலை நிறுத்தவும் நிறுத்தாது. எஞ்சினைக் காப்பாற்ற வைத்திருந்த கண்ணைக் கட்டிவிட்டார்கள்.

ஸ்ரீவர்தன் அந்தக் கட்டியை விரலால் தொட்டுப் பார்த்தான். "ஃபில்டர்னு சொன்னார்" என்றான்.

"யாரு?"

"கலியாணசுந்தரம் சார். சனிக்கிழமை சாயங்காலம், நான் பக்கத்துலதான் நின்னுண்டிருந்தேன். ஃபில்டர் போடறேன், குலுக்கல் போயிடும்னார். அக்காகிட்ட சொல்லிட்டீங்களான்னு அவரைக் கேட்டேன். அந்தம்மாதான் குடுத்ததுன்னார்."

இளவரசி அழுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தக் கட்டியை வெட்டாமல், இருக்கும் இடத்திலேயே போட்டோ எடுக்கச் சொன்னாள். பிறகு அவனிடம், "இத சங்கத்துல வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவன் அப்பாவின் குரல் வந்தது: "நமக்கெதுக்குடா வம்பு? கை பொழச்சுதேன்னு இரு." அவன் தலை குனிந்துகொண்டான்.

சங்கத்துக்கு விசாரணை கேட்டு மூன்று முறை எழுதினாள். மூன்றாவது கடிதத்தை உமாபதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்துப் போடும்வரை நகரமாட்டேன் என்று இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றார். அதன்பிறகுதான் கூப்பிட்டார்கள்.

ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். நீள மேஜைக்குப் பின்னால் ஐந்து ஆண்கள். கலியாணசுந்தரத்துக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். இளவரசிக்குப் போடவில்லை. நான் பின்னாலிருந்து ஒன்றை இழுத்து வந்து போட்டேன்.

முதல் கேள்வி: "நீங்க எஞ்சினியரிங் டிகிரியாம்மா?"

"டிப்ளமோ சார்."

ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கலியாணசுந்தரம் ஐந்தாவது வகுப்போடு நின்றவர். அவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

அவள் மேஜைமேல் காகிதங்களைப் பரப்பினாள். சனிக்கிழமைக் கோடு, ஞாயிற்றுக்கிழமைக் கோடு, கறுப்புக் கட்டியின் போட்டோ. நான் வகுப்பில் நடத்துவதைவிடத் தெளிவாக, பொறுமையாகச் சொன்னாள். நடுவிலிருந்தவர் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"இதெல்லாம் நீங்களே கம்ப்யூட்டர்ல தயார் பண்ணியிருக்கலாமே?" என்றார் ஒருவர்.

"அந்தக் கட்டியக் கூட இந்தப் பொண்ணே வெச்சிருக்கும் சார்" என்றார் கலியாணசுந்தரம். "தப்பு பண்ணிட்டு மறைக்கப் பாக்குது."

அப்போது கதவு திறந்தது. ஸ்ரீவர்தன் வந்தான். கையில் இன்னும் கட்டு. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"அதை வெச்சது இவர்தான். நான் பார்த்தேன். அக்கா குடுத்ததுதான்னு என்கிட்ட பொய் சொன்னார்."

கலியாணசுந்தரத்தின் முகம் சிவந்துவிட்டது. மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஆமாம்ப்பா, வெச்சேன்! இப்ப இன்னா? இதே கட்டிய இன்னும் நாலு வண்டில போட்டிருக்கேன். ஒண்ணாவது வெடிச்சுதா? ஒனக்கு ஓட்டத் தெரியல!"

தான் சொன்னது என்னவென்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

தீர்ப்பு என்று ஒன்று கொடுத்தார்கள். கலியாணசுந்தரம் அடுத்த ஒரு போட்டிக்கு வண்டி கொண்டுவரக் கூடாது. ஒரே ஒரு போட்டி! செய்தி மடலில் ஒரு வரி போடுவார்களாம்: "எஞ்சின் சேதத்துக்கு வேறு தொழில்நுட்பக் காரணங்கள் இருந்ததாகத் தெரிகிறது."

"என் பேரப் போட்டு, என் மேல தப்பு இல்லன்னு எழுதுங்க சார்" என்றாள் இளவரசி.

நடுவிலிருந்தவர் சிரித்தார். "முன்னாடியும் உங்க பேரு போடலியேம்மா. அப்புறம் இதுல எதுக்கு?"

"பொம்பள ஊழியர்னு போட்டீங்களே. இந்த ஜில்லாவுல இந்த வேல பாக்கற பொம்பள எத்தினி பேரு சார்? நான் ஒருத்திதான். பேரு வேற வேணுமா?"

ஐவரும் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்கள். இளவரசி எழுந்திருக்கவில்லை.

"அந்த நாலு வண்டி யாரோடதுன்னு கேளுங்க சார். அத முதல்ல நிறுத்தணும்."

"அது சங்கத்துப் போட்டி சம்பந்தப்பட்டதில்லம்மா" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்கள். ஒரு பையன் கை வெந்து நிற்கிறான், இன்னும் நான்கு கார்கள் அதே கட்டியோடு சாலையில் ஓடுகின்றன என்று இப்போதுதான் காதால் கேட்டார்கள். ஐந்து பேரில் ஒருவர்கூட ஒரு தாளில் குறித்துக்கொள்ளவில்லை.

நான்கு வருஷம் அங்கே இருந்தவள், எந்த வண்டிகள் என்று அவளால் ஊகிக்க முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குப் போனோம். அங்கே இருந்த இளைஞர் விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போய்த் தானே கழற்றிக் கொடுத்தார். வாலாஜாபாத்தில் இருந்தவர் கதவைப் பாதி திறந்து, "கலியாணசுந்தரம் அண்ணன் மேல பொறாமையில சுத்தறீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சாத்திக்கொண்டார்.

மூன்றாவது தாமலில். ஏரிக்கரைக்குப் பக்கத்து வீடு. கார் வாசலிலேயே நின்றது. பின் சீட்டில் ஒரு குழந்தையின் செருப்பும் பிஸ்கட் பொட்டலமும் கிடந்தன. வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நல்லா பறக்கற வண்டிம்மா. எதுக்கு அதுல கை வெக்கணும்ன்றே?"

"நீங்க ஓட்டறது ஒங்க இஷ்டம் சார். பின்னாடி ஒக்கார்ற பசங்களுக்கு இந்த மாதிரி ஒண்ணு உள்ள இருக்குதுன்னு தெரியுமா?"

ஸ்ரீவர்தனின் கை போட்டோவைக் காட்டினாள். அவர் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி வடிவு இறங்கி வந்து அதை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து இளவரசியின் கையில் வைத்தாள்.

"எடுத்துடுங்கக்கா. அவரு கெடக்கறாரு."

கழற்ற ஆறு நிமிஷம் ஆயிற்று. "வண்டி இனிமே முக்கும்" என்று அவர் கடைசிவரை முனகிக்கொண்டே இருந்தார்.

அதற்கப்புறம் இளவரசி ஓரிக்கைச் சாலையில் ஓர் அறை எடுத்து, தன் பெயரிலேயே கடை போட்டாள். போர்டுக்கு உமாபதியே எழுத்து எழுதினார். ஸ்ரீவர்தனின் எஞ்சினை ஐந்து மாதம் எடுத்து, குழாய் மாற்றி, தெளிப்பான் மாற்றி, அட்டவணை முழுவதையும் திருத்தி எழுதி முடித்தாள். பலம் அளக்கும் உருளையில் ஏற்றிப் பார்த்தபோது முந்நூற்றுத் தொண்ணூறு குதிரைசக்தி காட்டியது. காற்றின் எண் 214-ஐத் தாண்டவில்லை. சங்கத்தார் அதைப் பார்க்க வரவில்லை. கலியாணசுந்தரம் மறு வருஷமே சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர் ஆனார். அந்தச் செய்தியை அவர்கள் மடலில் படத்தோடு போட்டார்கள், பெயரும் கொட்டை எழுத்தில் இருந்தது.

நான்காவது காரை அதன் சொந்தக்காரர் அதற்குள் விற்றுவிட்டார். பெங்களூர்ப் பக்கம் யாரோ தரகர் மூலம் வாங்கினார்களாம். முகவரி தெரியாது என்றார். இளவரசி அந்தத் தரகருக்கு எழுதினாள், பதில் இல்லை. பதிவு எண்ணைக் குறிப்பிட்டுப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதினாள். மனுதாரருக்கும் வாகனத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு ஒரு தாள் திரும்பி வந்தது.

"தொடர்பு இல்லன்னு எழுதினா தூக்கிப் போட்டுடுவாங்கடி. இன்னான்னு எழுதறது?" என்று என்னிடம் கேட்டாள்.

இருவரும் கடை ஸ்டூலில் உட்கார்ந்து புதிதாக ஒரு கடிதம் எழுதினோம். அந்தக் காரின் கம்ப்யூட்டரில் வேலை செய்தவள் நான், அது ஓடினால் ஆபத்து என்று எனக்குத் தெரியும், உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவள் முழுப்பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டாள். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தேன்.